கொசுறும் கூப்பனும்



திங்கள்சந்தை, வெள்ளிச்சந்தை என்று சந்தை கூடிய நாள்களையே ஊர்ப் பெயர்களாகக் கொண்டது நம் கன்னியாகுமரி மாவட்டம். வாங்குவதும் விற்பதும் நமக்குப் புதியன அல்ல. நாகர்கோவில் வடசேரியிலுள்ள கனகமூலம் சந்தையில் காய்கறி வாங்கிப் பழகிய எவருக்கும் கொசுறு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நிறுத்துப் போட்டு, காசும் வாங்கிக்கொண்ட பிறகு, விற்கிற அம்மாள் ஒரு கொத்துக் கறிவேப்பிலையையோ இரண்டு பச்சை மிளகாயையோ பையில் போட்டு அனுப்புவாள். அது கணக்கில் சேராது. கொடுத்தால் மகிழ்ச்சி, கொடுக்காவிட்டால் அதற்காக வழக்கு இல்லை. வீட்டிற்கு வந்து பார்க்கையில் அந்தக் கறிவேப்பிலை வாடியிருந்தால், அதைத் திருப்பிக் கொடுக்க எவரும் சந்தைக்குப் போவதுமில்லை.

இன்று நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் போன்ற ஊர்களிலும், அவற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பெரிய பெரிய பல்பொருள் அங்காடிகள் தோன்றிவிட்டன. பில் போடும் இடத்தில் நிற்கும் பெண், “போன் நம்பர் சொல்லுங்க” என்று கேட்கிறாள். நாமும் சொல்லுகிறோம். வாங்குகிற ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் இத்தனை பாயிண்ட் என்று நம் பெயரில் சேர்கிறது. பாயிண்டுகள் போதிய அளவு சேர்ந்ததும் ஒரு கூப்பன் கையில் கிடைக்கிறது. அல்லது கைப்பேசியில் செய்தியாக வந்து சேர்கிறது. அடுத்த முறை பொருள் வாங்கும்போது அந்தத் தொகையைக் கழித்துக்கொள்கிறார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கென்றே ஆண்டு முழுதும் பாயிண்டு சேர்த்து வைக்கும் தாய்மார்கள் நம் பங்குகளில் பலர் உண்டு.

இந்தக் கூப்பன் அந்தக் கொசுறைப் போன்றதுதானா? இதுவே இம்மாதம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட கேள்வி. கேள்வி சிறியதுதான். ஆயினும், கூப்பன் கொடுத்து வாங்கிய பொருள் பழுதாகித் திருப்பிக் கொடுக்க நேரும்போது, இதற்கு நாம் சொல்லும் விடையைப் பொறுத்தே ஓர் ஏழைக் குடும்பத்தின் காசு திரும்பும், அல்லது திரும்பாமற்போகும்.

ஒரு தாயின் கணக்கு

அன்பியக் கூட்டமொன்றில் தாய் ஒருவர் இதைக் கேட்டார். அவர் முந்திரி ஆலையில் வேலை செய்பவர். வீட்டுச் சாமான்களையெல்லாம் ஒரே கடையில் ஓராண்டு வாங்கியதில் 600 ரூபாய்க் கூப்பன் கிடைத்தது. டிசம்பர் மாதக் கடைசியில் 2,400 ரூபாய் விலையுள்ள மிக்ஸி ஒன்றை வாங்கினார். 600 ரூபாய் கூப்பனில் கழிந்தது. மீதி 1,800 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தார். பத்தாம் நாள் மிக்ஸியிலிருந்து புகை வந்தது. அத்தோடு அது நின்றுபோயிற்று. பில்லையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். அதே வகை மிக்ஸி கைவசம் இல்லை என்று சொல்லி, பணத்தைத் திருப்பித் தரக் கடைக்காரர்கள் இசைந்தார்கள். ஆனால், 1,800 ரூபாயைத்தான் எடுத்து வைத்தார்கள். “கூப்பன் நாங்கள் இலவசமாகக் கொடுத்ததுதானே? அதுவும் டிசம்பர் 31ஆம் தேதியோடு காலாவதியாகிவிட்டது” என்றார்களாம்.

அவரும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பக்கத்து வீட்டாரும், “ஓசியில் வந்தது ஓசியில் போயிற்று, இதற்கென்ன சண்டை?” என்றே சொன்னார்கள். அன்பியக் கூட்டத்தில்கூட அவர் வாதாடவில்லை, “பாதர், நான் கேட்டது பேராசையா?” என்றுதான் கேட்டார். தமக்கு உரியதைக் கேட்பது பேராசையோ என்று ஒரு தாயைக் கூசச் செய்த அந்தக் கேள்விக்காகவே நாம் இதை எழுதுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்ற விகிதத்தில் பாயிண்டு சேருமானால், 600 ரூபாய்க் கூப்பன் பெற 60,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கியிருக்க வேண்டும். அதாவது, மாதந்தோறும் 5,000 ரூபாய். ஓராண்டுக் காலம் வேறு கடைக்குப் போகாமல், வீட்டுக்கு அருகிலுள்ள பலசரக்குக் கடையையும் தாண்டிப் போய், ஒரே இடத்தில் வாங்கியதற்கு ஈடாக வந்ததே அந்த 600 ரூபாய். இதை ஓசி என்று சொல்வது நியாயமாகுமா?

வாக்குறுதியும் கைம்மாறும்

கொசுறுக்கும் கூப்பனுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கொசுறு முன்கூட்டிச் சொல்லப்படுவதில்லை. கூப்பனோ, “நீ இவ்வளவு வாங்கினால் நான் இவ்வளவு தருவேன்” என்று கடை முன்கூட்டியே சொன்ன வாக்கின் பயன். அந்த வாக்கை நம்பியே நாம் வாங்குகிறோம்.

நம் நாட்டின் ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. வாக்குக் கொடுத்தவர் விரும்பியபடி மற்றவர் ஒரு செயலைச் செய்தால், அச்செயலே அந்த வாக்குக்கு உரிய கைம்மாறாகும் என்று அச்சட்டத்தின் 2ஆம் பிரிவு கூறுகிறது. கைம்மாறு எப்போதும் பணமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே, கடையார் விரும்பியபடி ஓராண்டு அவர்களிடமே வாங்கிய வாடிக்கையாளர் தம் பங்கைச் செய்து முடித்துவிட்டார். கூப்பன் அவருக்குக் கொடுக்கப்பட்ட தானமன்று, அவர் ஈட்டியது.

அதுமட்டுமன்று. நம் தொலைபேசி எண்ணையும், நம் வீட்டில் எந்த எண்ணெய், எந்தச் சோப்பு, எந்த மாதத்தில் எவ்வளவு என்ற விவரத்தையும் அக்கடைக்குக் கொடுத்திருக்கிறோம். அந்த விவரம் வணிகத்தில் விலைமதிப்புள்ளது. பாயிண்டு கொடுப்பதில் கடைக்குக் கிடைக்கும் பெரிய ஆதாயங்களுள் அதுவும் ஒன்று.

இனி, மிக்ஸி வாங்கிய வேளையில் நடந்தது என்ன? 2,400 ரூபாய் விலையில் 600 ரூபாய்க்கு ஈடாக அந்தக் கூப்பனைக் கடையே ஏற்றுக்கொண்டது. வாங்கும்போது விலையின் பகுதியாக ஏற்கப்பட்டது, திருப்பும்போது மட்டும் விலையற்றதாக மாறுவது எப்படி? கொடுக்கல் வாங்கலில் இரு பக்கமும் சமமாக நிற்க வேண்டும் என்பது நீதியின் முதற்பாடம். பொருள் முழுவதும் கடைக்குத் திரும்பிவிட்டது. ஆனால், கொடுத்த ஈட்டில் நான்கில் ஒரு பங்கு திரும்பவில்லை. அங்கே தராசு சாய்ந்துவிட்டது அல்லவா?

பிற நாடுகளின் அனுபவம்

இந்தச் சிக்கல் நமக்குப் புதியதே ஒழிய, உலகிற்குப் புதியதன்று. அமெரிக்காவில் ஸ்பெரி, ஹட்சின்சன் என்னும் இருவரின் நிறுவனம் 1896ஆம் ஆண்டிலேயே வணிக முத்திரைகளை வெளியிடத் தொடங்கியது. அஞ்சல் தலையைப் போன்ற சிறு பச்சை முத்திரைகள் அவை. வாங்குகிற சாமானுக்கு ஏற்ப அவற்றைக் கடைக்காரர் கொடுப்பார். வாடிக்கையாளர் அவற்றைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்து, பின்னர் பாத்திரமோ விளக்கோ போர்வையோ பெற்றுக்கொள்வார். இங்கிலாந்தில் ரிச்சர்டு டாம்ப்கின்ஸ் என்பவர் 1958இல் ‘கிரீன் ஷீல்டு’ முத்திரைகளைத் தொடங்கினார். டெஸ்கோ என்னும் பெரிய அங்காடி நிறுவனம் அவற்றைப் பல ஆண்டுகள் வழங்கி, 1977இல் கைவிட்டது. அதே நிறுவனம் 1995இல் அட்டை வடிவில் பாயிண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. நம்மூர்க் கடைகளில் இன்று நாம் காணும் முறை இவற்றின் வழிவந்ததே.

அந்நாட்டுப் பாராளுமன்றம் 1964ஆம் ஆண்டில் வணிக முத்திரைச் சட்டம் என்று தனிச் சட்டமே இயற்றியது நம் கவனத்துக்கு உரியது. ஒவ்வொரு முத்திரையிலும் அதன் பண மதிப்பை அச்சிட வேண்டும் என்று அது விதித்தது. முத்திரைக்கு மாற்றாகப் பொருளைப் பெறாமல் பணமாகவும் பெற்றுக்கொள்ளும் உரிமையை மக்களுக்கு அளித்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, முத்திரை கொடுத்துப் பெற்ற பொருளும் தரமானதாய் இருக்க வேண்டும் என்ற உறுதி அந்தப் பரிமாற்றத்திலேயே அடங்கியிருப்பதாக அச்சட்டம் கொண்டது. “முத்திரைக்குத்தானே கொடுத்தோம், காசுக்கா கொடுத்தோம்?” என்று சொல்லிக் கடைக்காரர் பழுதான விளக்கை ஒருவர் தலையில் கட்டிவிட முடியாதபடி சட்டம் தடுத்தது. முந்திரி ஆலைத் தாயின் கேள்வியும் இதுவே அன்றோ?

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதன்முதலாக 1986ஆம் ஆண்டில் வந்தது. குடியரசுத் தலைவர் அதற்கு ஒப்புதல் அளித்த நாள் டிசம்பர் 24. அதனால்தான் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாள் தேசிய நுகர்வோர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. கடைகளில் கூட்டம் நிறைந்து வழியும் நாளே நுகர்வோர் நாளாகவும் அமைந்தது நமக்கு ஒரு நல்ல நினைவூட்டல். அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் 2019ஆம் ஆண்டுப் புதிய சட்டம் 2020 ஜூலை மாதம் முதல் நடைமுறைக்கு வந்தது.

அதன் 2ஆம் பிரிவு நேர்மையற்ற வணிக முறைகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் மூன்று நம் பொருளைத் தொடுகின்றன. பொருள் விற்றுவிட்டுப் பில் கொடுக்க மறுப்பது நேர்மையற்ற வணிகம். பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதற்குப் பெற்ற ஈட்டைத் திருப்பித்தர மறுப்பதும் நேர்மையற்ற வணிகம். பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி ஒன்றும் குறிக்கப்படவில்லையானால் 30 நாள்களுக்குள் இதைச் செய்ய வேண்டும். மூன்றாவதாக, விலையிலேயே முழுவதுமாகவோ ஓரளவோ அடங்கிவிட்ட ஒன்றை இலவசம் போலக் காட்டுவதும் நேர்மையற்ற வணிகமே.

இரண்டாவதாகச் சொன்னதில் ஒரு நுட்பம் உண்டு. ‘பணத்தை’ என்று அவ்விடத்தில் சட்டம் சொல்லவில்லை. பொருளுக்காகச் செலுத்திய கைம்மாறு என்ற பரந்த சொல்லையே ஆளுகிறது. பாயிண்டு, கூப்பன் என்று பெயர் சொல்லித் தனியாக ஒரு பிரிவு நம் நுகர்வோர் சட்டத்தில் இல்லை என்பது உண்மைதான். ஆயினும், கடையே விலையின் பகுதியாக ஏற்றுக்கொண்ட கூப்பனும் செலுத்திய கைம்மாறே என்று வாதிட நமக்கு வலுவான இடமிருக்கிறது.

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்ற அறிவிப்பு பல கடைகளில் தொங்குகிறது. பழுதான பொருளைப் பொறுத்தமட்டில், அந்தப் பலகை சட்டத்தை மீறி நிற்க இயலாது. ஆனால், இங்கே ஒரு வேறுபாட்டை மறந்துவிடலாகாது. சட்டம் கட்டாயப்படுத்துவது குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறுவதைத்தான். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது, அண்ணி வீட்டில் இதைவிட அழகானது இருக்கிறது என்ற காரணங்களுக்காகத் திருப்பிக் கொடுப்பது கடையின் விதியையும் கடைக்காரரின் நல்ல மனத்தையும் பொறுத்தது. அந்த விதியை வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நம் கடமை.

எல்லாக் கூப்பனும் ஒன்றல்ல

கூப்பன் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு காரியங்கள் நடமாடுகின்றன. இவற்றைப் பிரித்தறிந்தால் குழப்பம் பாதி தீரும்.

முதலாவது, பணம் கொடுத்து வாங்கும் பரிசு அட்டை. திருமணத்துக்கோ முதல் நற்கருணை விழாவுக்கோ பரிசாகக் கொடுப்பது. இதில் ஐயத்துக்கே இடமில்லை. அது ரொக்கம் கொடுத்துப் பெற்றது. பல நிறுவனங்களின் கடைகளில் செல்லக்கூடிய அட்டைகள் ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கு உட்பட்டவை. அவற்றுக்குக் குறைந்தது ஓராண்டுக் காலம் மதிப்பு இருக்க வேண்டும் என்றும், அட்டையில் செலுத்தி வாங்கியது திரும்பும்போது தொகை அதே அட்டையில் சேர வேண்டும் என்றும் 2021ஆம் ஆண்டில் வெளியான விதிகள் சொல்லுகின்றன. வெளியிட்ட நிறுவனத்தின் கடைகளில் மட்டும் செல்லும் அட்டைகளுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. ஆகவே, அவற்றில் அந்தந்தக் கடையின் விதியைப் படித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, நாம் மேலே கண்ட பாயிண்டுக் கூப்பன். வாங்கி வாங்கி ஈட்டியது.

மூன்றாவது, கடை திறப்பு விழாவிலும் செய்தித்தாளின் இடையிலும் வரும் தள்ளுபடித் துண்டுச்சீட்டு. இதற்காக நாம் எதையும் கொடுக்கவில்லை, செய்யவில்லை. இது கொசுறின் உறவினன் என்றே சொல்லலாம். இதைக் கொடுத்து 1,000 ரூபாய்ப் பொருளை 900 ரூபாய்க்கு வாங்கினால், திருப்பிக் கொடுக்கும்போது 900 ரூபாய்தான் கேட்க வேண்டும். கூடுதலாக 100 ரூபாய் கேட்பது முறையாகாது.

நேர்மையான கணக்கு எது?

பாயிண்டுக் கூப்பன் கொடுத்து வாங்கிய பொருள் திரும்பும்போது எப்படிக் கணக்கிடுவது? எது எந்த வடிவில் சென்றதோ, அது அந்த வடிவில் திரும்புவதே இரு பக்கத்துக்கும் நியாயம். ரொக்கம் ரொக்கமாக, கூப்பன் கூப்பனாக, பாயிண்டு பாயிண்டாகத் திரும்பட்டும். 2,400 ரூபாய் மிக்ஸிக்கு 1,800 ரூபாய் ரொக்கமும் 600 ரூபாய்க்குப் புதிய கூப்பனும் கிடைத்திருக்க வேண்டும். ‘புதிய’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய கூப்பன் காலாவதியாகும் முன்பே அந்தத் தாய் அதைப் பயன்படுத்திவிட்டார். பொருள் பழுதாகித் திரும்பியது அவர் குற்றமன்று. கூப்பன் கடையின் கையில் இருந்த நாள்களை வாடிக்கையாளர் தலையில் சுமத்துவது தகாது.

ஒரே பில்லில் பல பொருள் வாங்கி, ஒன்றைமட்டும் திருப்பினால்? ஒரு பில் 2,000 ரூபாய். அதில் 200 ரூபாய் கூப்பன், 1,800 ரூபாய் ரொக்கம் என்று கொள்வோம். கூப்பன் பில்லில் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பில்லிலுள்ள 500 ரூபாய்ப் பொருள் திரும்பினால், 50 ரூபாய் கூப்பனாகவும் 450 ரூபாய் ரொக்கமாகவும் கொடுப்பது சரியான பங்கீடு. கூப்பனுக்குரிய 200 ரூபாயையும் அந்த ஒரு பொருளின் மேலேயே ஏற்றி 300 ரூபாய் கொடுப்பதும் முறையன்று. 500 ரூபாயையும் ரொக்கமாகவே நாம் கேட்பதும் முறையன்று. அப்பொருளுக்காகச் சேர்ந்த பாயிண்டுகளைக் கடை திரும்ப எடுத்துக்கொண்டால், அதில் நாம் வருந்துவதற்கு ஒன்றுமில்லை.

இந்தக் கணக்குகள் ஒன்றும் வேண்டாத எளிய வழி, பழுதான பொருளுக்கு மாற்றாக அதே வகைப் பொருளைப் பெற்றுக்கொள்வது. கடையில் இருக்குமானால் அதையே முதலில் கேட்பது நலம்.

நம் பக்கத்து நேர்மை

கடைக்காரரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறுத்தினால் நாம் பாதி உண்மையையே சொன்னவர்களாவோம். கூப்பனை ரொக்கமாக மாற்றும் எண்ணத்துடன் பொருளை வாங்கி மறுநாளே திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. விழா நாளில் உடுத்துவிட்டு, விலைச்சீட்டை மறுபடியும் மாட்டி, துணியைத் திருப்ப முயல்பவர்கள் உண்டு. கைதவறி உடைத்துவிட்டு, “வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது” என்று சாதிப்பவர்களும் உண்டு. இவை சிறு தந்திரங்களாகத் தோன்றலாம். ஆனால், ஒவ்வொரு பொய்த் திருப்பமும், உண்மையாகவே பழுதான பொருளோடு வரும் அடுத்த மனிதரைக் கடைக்காரர் ஐயத்தோடு பார்க்கச் செய்கிறது. ஒருவர் செய்த தந்திரத்துக்கு முன்பின் அறியாத ஓர் ஏழைத் தாய் விலை கொடுக்க நேரிடும்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறோம். பில் போடும் இடத்தில் நிற்கும் பெண் பெரும்பாலும் நம் ஊர்களிலிருந்து அதிகாலையில் பேருந்து ஏறி வந்தவள். கூப்பன் விதியை அவள் எழுதவில்லை. அதை மாற்றும் அதிகாரமும் அவளுக்கில்லை. அவளிடம் சத்தம் போட்டு எந்தப் பயனும் இல்லை. அவள் மனம் நோகாமல், மேலாளர் யார் என்று கேட்டு, அவரிடம் பேசுவதே பண்பும் பயனும் உள்ள வழி.

செய்ய வேண்டியவை

இனி நடைமுறைக்கு வருவோம். முதலாவதாக, பில் இல்லாமல் பொருள் வாங்கலாகாது. இக்காலத்துப் பில்களின் எழுத்து சில மாதங்களில் மங்கிப்போகிறது. ஆகவே, வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைக்கலாம். கூப்பனையும் கொடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவதாக, பில்லில் பொருளின் முழு விலை, கூப்பனில் கழித்த தொகை, ரொக்கமாகச் செலுத்திய தொகை மூன்றும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று கடையை விட்டு வெளியேறும் முன்பே பார்க்க வேண்டும். 2,400 ரூபாய்ப் பொருளுக்கு வெறுமனே 1,800 ரூபாய் என்று பில் போட்டால், பின்னால் கூப்பனைப் பற்றிப் பேச நம் கையில் சான்றிராது.

மூன்றாவதாக, விலை உயர்ந்த பொருளைக் கூப்பன் கொடுத்து வாங்கும் முன், “இது பழுதானால் கூப்பன் தொகையும் திரும்புமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. விடை திருப்தியாக இல்லையென்றால், கூப்பனை அரிசி, பருப்பு, எண்ணெய் போன்ற அன்றாடச் சாமான்களுக்குப் பயன்படுத்திவிட்டு, மிக்ஸி, குக்கர் போன்றவற்றை ரொக்கத்துக்கே வாங்குவது விவேகம்.

நான்காவதாக, பழுது கண்டவுடன் தாமதியாமல் கடைக்குச் செல்லுங்கள். பில்லில் குறித்த நாள் கடந்துவிடக் கூடாது. வாய்ப்பேச்சால் முடியாவிட்டால், நடந்ததைச் சுருக்கமாக ஒரு கடிதத்தில் எழுதி, பில்லின் நகலையும் இணைத்து மேலாளரிடம் கொடுத்து, நம் பிரதியில் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். கையொப்பமிட மறுத்தால் விரைவு அஞ்சலில் அனுப்பலாம். எழுதிய கடிதத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

ஐந்தாவதாக, அதற்கும் பயனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம், தமிழிலும் பேசலாம். அதற்கு அப்பால், நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிட 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. கடையின் தலைமையகம் சென்னையிலோ மும்பையிலோ இருந்தாலும் நாம் அங்கே அலைய வேண்டியதில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை. வழக்கறிஞர் வைத்தே தீரவேண்டும் என்பதுமில்லை. குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். பழுதை நீக்கவும், பொருளை மாற்றித் தரவும், விலையைத் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் ஆணையிடும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு உண்டு. ஆயினும், 600 ரூபாய்க்காக உடனே ஆணையத்துக்கு ஓடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலும் ஒரு நல்ல கடிதமே போதுமானதாக இருக்கும்.

கைப்பேசி வழியாகப் பொருள் தருவித்து வாங்குவோருக்கும் ஒரு சொல். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பழுதானதையோ, போலியானதையோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறானதையோ திரும்பப் பெற விற்பவர் மறுக்கலாகாது. பொருளைத் திருப்புவதற்கும் பணத்தைத் திருப்புவதற்கும் உரிய நிபந்தனைகளை முன்கூட்டியே தெரிவிக்கவும் வேண்டும். பாயிண்டு செலுத்தி வாங்கியதைத் திருப்பும்போது, அந்தப் பாயிண்டும் நம் கணக்கில் மீண்டும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க மறவாதீர்கள். பலர் ரொக்கம் வந்ததும் மகிழ்ந்து அதை மறந்துவிடுகிறார்கள்.

கடை நடத்துவோருக்கு

இந்த இதழைப் படிக்கும் குடும்பங்களில் கடை நடத்துவோரும் பலர். அவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. கூப்பன் கொடுப்பதானால், அதன் பின்புறத்தில் நல்ல தமிழில் நான்கு வரி அச்சிடுங்கள்: இது எந்த நாள்வரை செல்லும், எந்தப் பொருளுக்குச் செல்லாது, வாங்கிய பொருள் பழுதானால் கூப்பன் தொகை எவ்வாறு திரும்பும், குறை இருந்தால் யாரைக் கேட்பது. கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில், புரியாத ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நிபந்தனை, வாடிக்கையாளருக்குச் சொல்லப்பட்டதாகாது. தெளிவாகச் சொன்ன விதி கசப்பாக இருந்தாலும் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள். கடையில் வந்து நின்ற பிறகு முளைக்கிற விதிதான் மனத்தைப் புண்படுத்தும். ஒரு 600 ரூபாயைத் தக்கவைத்துக்கொள்ளும் கடை, மாதம் 5,000 ரூபாய்க்கு வாங்கும் ஒரு குடும்பத்தை இழந்துவிடக்கூடும் என்பதை வணிகம் தெரிந்தவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுமா?

அன்பியங்கள் செய்யக்கூடிய ஒரு சிறு பணியையும் குறிப்பிட்டு முடிக்கிறோம். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர், மாதத்தில் ஒரு மாலை, முறையீட்டுக் கடிதம் எழுதத் தெரியாத முதியோருக்கும் தாய்மாருக்கும் எழுதிக் கொடுக்கலாம். பில், கூப்பன், உத்தரவாத அட்டை ஆகியவற்றை ஒரே உறையில் இட்டு வைக்கும் பழக்கத்தை ஒவ்வொரு வீட்டிலும் உண்டாக்கலாம். வருகிற டிசம்பர் 24ஆம் நாளுக்கு முன் இதைத் தொடங்குவோமானால், விழாக்காலத்தில் நம் மக்கள் செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு காவல் கிடைத்ததாகும்.

உழைத்து ஈட்டியதைக் கேட்பது பேராசையன்று. தனக்குரியதைப் பணிவோடு கேட்பதும், பிறருக்குரியதைத் தயங்காமல் கொடுப்பதும் ஒரே நேர்மையின் இரு கைகள். அந்த இரண்டையும் நம் பிள்ளைகள் நம்மிடமிருந்தே கற்றுக்கொள்ளட்டும்.